மந்திர எஸ்கேப் ரூமுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? புக்கிங் முதல் கடைசிக் கதவு வரை முழு வழிகாட்டி

முதல் முறை நாங்கள் குடும்பமாக எஸ்கேப் ரூமுக்குப் போனபோது 52 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். எங்களுக்கு ஒரே பெருமை. திரும்பி வரும் வழியில் ஏழு வயது மகள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, நான் ஒரு பூட்டுகூடத் திறக்கலையே?" யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நானும் கணவரும் பெரியவனும் மாற்றி மாற்றித் திறந்துகொண்டே போயிருந்தோம். அவளும் என் மாமியாரும் அத்தனை நேரமும் எங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் போன ஒவ்வொரு அறையிலும் நான் ஒரே ஒரு கணக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் கையால் ஏதாவது ஒன்றைத் திறந்துவிட்டு வர வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கு சரியாக வருவதற்கான வழிகள்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு குழுவை ஓர் அறைக்குள் விடுவார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் க்ளூக்களைத் தேடி, புதிர்களை அவிழ்த்து, வழக்கமாக 60 நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். கேம் மாஸ்டர் என்று ஒருவர் கேமரா வழியே உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கேட்டால் ஹின்ட் தருவார். கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்த இந்த வகை விளையாட்டை நிஜ அறைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் தகாவோ கட்டோ. ஸ்க்ராப் என்ற அவருடைய நிறுவனம் 2007இல் கியோட்டோவில் இதை நடத்தியது. 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பாராபார்க் என்ற எஸ்கேப் ரூம் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் வேகமாகப் பரவியது. கைவிலங்கிலிருந்தும் பூட்டிய பெட்டியிலிருந்தும் தப்பித்துக் காட்டிய ஹௌடினி 1874இல் பிறந்ததும் அதே புடாபெஸ்டில்தான். எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

சிறை, வங்கிக் கொள்ளை, உளவாளி என்று எத்தனையோ தீம்கள் இருக்கும்போது குடும்பத்துக்கு ஏன் மந்திரம்? மற்ற அறைகளில் எண்ணைக் கண்டுபிடிப்பது, பூட்டைத் திருகுவது என்றே பெரும்பாலும் போகும். மந்திர அறையில் கோலை நீட்டினால் பெட்டி திறக்கும், குடுவையைச் சரியான இடத்தில் வைத்தால் சுவர் நகரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே வேலை இருக்கிறது. கண் மங்கிய பாட்டிக்கும் இருக்கிறது.

1. எந்த அறை? முதலில் போன் செய்து பேசுங்கள்

"மந்திரம்" என்ற சொல்லை மட்டும் நம்பி புக் செய்துவிடாதீர்கள். மாயாஜாலப் பள்ளி, மருந்து காய்ச்சும் கூடம், மந்திரவாதியின் நூலகம் என்பவை ஒரு ரகம். சூனியக்காரியின் வீடு, சாபம் பிடித்த மாளிகை என்பவை வேறு ரகம், பெரும்பாலும் திகில் அறைகள். விளம்பரப் படத்தில் இரண்டுக்கும் அதே மெழுகுவர்த்தி, அதே பழைய புத்தகம்தான் இருக்கும். அதனால் போன் செய்து நேராகக் கேளுங்கள். நடிகர் யாராவது திடீரென்று உள்ளே வந்து பயமுறுத்துவாரா? முழு இருட்டு எத்தனை நேரம் இருக்கும்? தவழ்ந்து போகிற இடம், ஏணி ஏதாவது உண்டா? ஆரம்பத்திலேயே குழுவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி அறையில் விடுவார்களா? முன்பின் தெரியாதவர்களையும் எங்களோடு சேர்ப்பார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். தெரியாதவர்கள் நடுவில் சின்னப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. பலர் கேட்க மாட்டார்கள், ஆனால் குடும்பத்துக்கு இவைதான் முக்கியம்.

ஒன்று, புதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருமா, அல்லது ஒரே நேரத்தில் மூன்று நான்கு திறந்து கிடக்குமா? ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஐந்து பேரும் ஒரே பூட்டைச் சுற்றி நிற்பீர்கள், கை வேகமானவர்தான் ஒவ்வொரு முறையும் திறப்பார். எங்கள் முதல் அறையில் நடந்தது அதுதான். ஒரே நேரத்தில் பல புதிர்கள் இருந்தால் மகள் ஒரு மூலையில், பாட்டி ஒரு மேசையில் என்று பிரிந்து உட்கார்ந்து செய்யலாம்.

இரண்டு, எண் பூட்டுகள் அதிகமா, பொருளை வைத்தாலோ தொட்டாலோ திறக்கும் வகை அதிகமா? கூடவே எந்த மொழியில், எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்றும் விசாரியுங்கள். நீளமான கடிதங்களும் நாட்குறிப்புகளும் நிறைந்த அறையில் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பதினைந்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார்கள்.

"அதிகபட்சம் 6 பேர்" என்று போட்டிருந்தால் ஆறு பேர் நிற்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு பேருக்கும் வேலை இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு, மிஞ்சினால் ஐந்து பேர் என்பதுதான் என் அனுபவத்தில் நல்ல அளவு. பெரிய குடும்பமாக இருந்தால் இரண்டு அறை எடுங்கள். அப்போதும் பெரியவர்கள் ஒன்றில், பிள்ளைகள் ஒன்றில் என்று பிரிக்காமல் இரண்டிலும் எல்லா வயதும் கலந்திருக்கட்டும். முதல் முறை என்றால் இருப்பதிலேயே எளிதான அறையை எடுக்கத் தயங்கவே வேண்டாம்.

2. வெளியேறும் வழி

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். 2019 ஜனவரி 4ஆம் தேதி போலந்தின் கோசாலின் நகரில் ஒரு எஸ்கேப் ரூமில் தீப்பிடித்தது. பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் உள்ளிருந்து வெளியேற வழியில்லாமல் இறந்துபோனார்கள். அதன் பிறகு அந்த நாடு முழுவதும் இத்தகைய அறைகளைச் சோதனை செய்தார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் முதலில் நினைப்பது அந்தப் பிள்ளைகளைத்தான்.

ஒழுங்காக நடத்துகிற இடங்களில் நீங்கள் நுழைந்த கதவை நிஜமாகப் பூட்ட மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மின்காந்தப் பூட்டு போட்டிருந்தால் கதவருகே ஓர் அவசர பட்டன் இருக்கும். மின்சாரம் ஓடும் வரைதான் அந்தப் பூட்டு பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் நின்றால் கதவு தானாக விட்டுவிடும். உள்ளே போவதற்கு முன், "அந்த பட்டன் எங்கே? ஒரு முறை அழுத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இதற்குத் தயங்குகிற இடமாக இருந்தால், காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள். பட்டன் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எப்போதும் வெளியே போகலாம் என்று தெரிந்துவிட்டால் அவர்களுடைய பயமும் பாதி குறைந்துவிடும்.

உடல்நிலையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மந்திர அறைகளில் புகை மெஷின் வைத்திருப்பார்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மின்னி மின்னி எரியும் விளக்குகள் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. அப்புறம், மந்திரக்கோல்களில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. போனாலும் கோலை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது.

3. வீட்டிலேயே கொஞ்சம் பழக்கம்

போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் தினமும் ஒரு பத்து நிமிடம் போதும். குறிப்பிட்ட அந்த அறையைப் பற்றித் தேடிப் படித்துவிடாதீர்கள், சுவை போய்விடும். பொதுவாகப் பயன்படுகிறவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

பூட்டுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். எண்களை ஒரே கோட்டில் நிறுத்தி இழுக்கும் பூட்டைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். திசைப் பூட்டுதான் பெரியவர்களையே ஏமாற்றும். நடுவில் ஒரு குமிழ் இருக்கும், அதை மேல், கீழ், இடம், வலம் என்று நகர்த்த வேண்டும். ஒரு முறை தப்பாக நகர்த்திவிட்டால் பழைய அசைவுகள் உள்ளேயே தங்கிவிடும், அடுத்த முறை சரியாகச் செய்தாலும் திறக்காது. வளையத்தை இரண்டு முறை அழுத்தி விட்டு, பழையதை அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இது தெரியாமல் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே பத்து நிமிடம் தொலைத்திருக்கிறோம்.

மந்திர அறைகளில் சில குறிகள் அடிக்கடி வரும். மேல் நோக்கிய முக்கோணம் நெருப்பு, கீழ் நோக்கியது நீர். மேல் நோக்கிய முக்கோணத்தின் குறுக்கே கோடு போட்டால் காற்று, கீழ் நோக்கியதில் கோடு போட்டால் நிலம். பழைய ரசவாதிகள் ஏழு உலோகங்களை ஏழு கோள்களோடு இணைத்து வைத்திருந்தார்கள்: பொன்னுக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன், செம்புக்குச் சுக்கிரன் (வெள்ளிக் கோள்), இரும்புக்குச் செவ்வாய், பாதரசத்துக்குப் புதன், தகரத்துக்கு வியாழன், ஈயத்துக்குச் சனி. பன்னிரண்டு ராசிகளின் படங்கள், ரோமன் எண்கள், எழுத்துக்களை மூன்று இடம் தள்ளி எழுதும் சீசர் முறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தேவையானதை அறைக்குள்ளேயே ஏதாவது ஒரு தாளிலோ சுவரிலோ வைத்திருப்பார்கள். ஏற்கெனவே பார்த்த குறி என்றால் பிள்ளைகள் சட்டென்று அடையாளம் கண்டு கத்துவார்கள். அதுதான் நமக்கு வேண்டும்.

4. அன்றைக்கு

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். குனிந்து நிமிர வசதியான உடை, மூத்தவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள்.

கேம் மாஸ்டர் சொல்லும் விதிகளைப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். எதைத் தொடக் கூடாது, ஹின்ட் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். பலம் காட்டாமல் இருப்பதும் ஒரு விதி. விரல் நுனியால் நகராத எதுவும் இப்போதைக்கு நகர வேண்டியதில்லை. மின் பிளக்குகள், கூரை, ஆணி அடித்து மாட்டிய படங்கள் ஆகியவை விளையாட்டில் சேர்த்தி இல்லை.

கதவு மூடுவதற்கு முன் எங்கள் வீட்டு விதியை ஒரு முறை சொல்லிக்கொள்வோம். கண்டுபிடித்தவரே திறக்க வேண்டும். இதுவரை எதையும் திறக்காதவர் ஒருவர் இருந்தால், அடுத்த பூட்டு அவருக்கு.

5. உள்ளே: முதல் ஐந்து நிமிடம் தேடல் மட்டும்

டைமர் ஓடத் தொடங்கியதும் முதல் பூட்டை நோக்கிப் பாயாதீர்கள். ஐந்து நிமிடம் தேடுங்கள், அவ்வளவுதான். மேசைக்கு அடியில், இழுப்பறையின் பின்பக்கத்தில், அங்கியின் பையில், கம்பளத்தின் கீழே, புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில். குழந்தைகளின் கண் உயரம் வேறு. நாம் நின்றால் தெரியாதவை அவர்களுக்கு நேராகத் தெரியும். எங்கள் மகள் மேசையின் அடிப்பலகையில் ஒட்டியிருந்த தங்க நட்சத்திரத்தை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்த மேசையின் மேல்தான் கைவைத்து நின்றுகொண்டிருந்தோம்.

கிடைத்ததை எல்லாம் ஒரே மேசையில் கொண்டுவந்து வையுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இங்கே மூன்று நீலக் குடுவை", "இந்தப் படத்தில் ஒரு ஆந்தை". தனக்குப் பயனில்லாத செய்தி இன்னொருவருக்கு விடையாக இருக்கும். பயன்படுத்தி முடித்த சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள், முடிந்த தாள்களைத் தனியே ஒதுக்குங்கள். ஒரு சாவி ஒரு பூட்டுக்குத்தான் என்பது பெரும்பாலான அறைகளின் வழக்கம். இந்த ஒதுக்கி வைக்கும் வேலையை என் மாமியார் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து எங்கள் குழப்பம் பாதியாகிவிட்டது. எது முடிந்தது, எது மீதி என்று அவரைக் கேட்டால் போதும்.

6. மந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதைச் சொல்லலாமா என்று நான் நிறைய யோசித்தேன். சொல்வதுதான் நல்லது என்று தோன்றுகிறது. எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பொருளைப் பதமாகக் கையாளுவோம், சரியான விடையைத் தப்பு என்று நினைத்துக் கைவிட மாட்டோம்.

மந்திரக்கோலின் நுனியில் பெரும்பாலும் ஒரு சிறு காந்தம் இருக்கும். பெட்டியின் மரத்துக்குப் பின்னால் ரீட் ஸ்விட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகே வந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று முழுமையாகும், பெட்டி திறக்கும். அதனால் கோலை வீசி ஆட்டுவதைவிட, குறிக்கப்பட்ட இடத்தில் நிதானமாக வைத்து இரண்டு மூன்று விநாடி பிடித்திருப்பதுதான் பலன் தரும். திறக்கவில்லையா? ஒரு விரற்கடை தள்ளி வைத்துப் பாருங்கள்.

குடுவை, பளிங்கு உருண்டை, உருவப் பொம்மை போன்றவற்றை மேடையில் வைக்கிற புதிரில் அடிப்பக்கம் ஒரு ஆர்எஃப்ஐடி சில்லு இருக்கும். மேடைக்குக் கீழே இருக்கும் ரீடர் அதை அடையாளம் காணும். சாய்த்து வைத்தால் படிக்காது, தட்டையாக உட்கார வேண்டும். எல்லாம் சரி என்று தோன்றியும் திறக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வரிசைப்படி மறுபடி வையுங்கள்.

ஊதா ஒளி டார்ச் கிடைத்தால் அதைச் சின்னவர் கையில் கொடுங்கள். புற ஊதா ஒளி பட்டால் மட்டுமே ஒளிரும் மையால் எழுதியவை சுவரிலும் தரையிலும் தெரியத் தொடங்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணில் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வெறும் கண்ணாடி போல் இருப்பதில் திடீரென்று ஓர் உருவம் தெரிந்தால், பின்னால் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். கண்ணாடியையும் வெளிச்சத்தையும் வைத்து உருவம் தோன்ற வைக்கும் வித்தை பழையது. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் சாய்த்து நிறுத்திய கண்ணாடியை வைத்து மேடையில் ஆவியை வரவழைத்துக் காட்டினார்.

கதவைப் பிடித்திருக்கும் மின்காந்தத்துக்கு இன்னும் அருமையான கதை உண்டு. கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து மேடைக்கு வந்த பிரெஞ்சு மந்திரவாதி ராபர்ட் ஊதின் 1856இல் அல்ஜீரியாவில் ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும். அவர் சொன்னதும் பலசாலி ஒருவர் வந்து இழுத்தார், அசையவில்லை. பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்குக் கீழே மின்காந்தம். ஹௌடினி தன் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டதும் இவரிடமிருந்துதான். இந்தக் கதையைப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உள்ளே கதவு "க்ளிக்" என்று விடும்போது என்ன நடந்தது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

7. மாட்டிக்கொண்டால்

ஒரே புதிரில் ஐந்து நிமிடம் நகராமல் நின்றால் முதலில் ஆளை மாற்றுங்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் தள்ளிப் போகட்டும், பார்க்காதவர் வரட்டும். அப்போதும் முடியவில்லையா, ஹின்ட் கேளுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமே இல்லை. "விடை என்ன" என்று கேட்பதைவிட, "நாங்கள் இந்தப் படத்தையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தோம், சரியான வழியில் போகிறோமா?" என்று கேட்டால் கேம் மாஸ்டரும் அளவாகத் தட்டிவிடுவார். குழந்தைகளையே கேட்க விடுங்கள், வாக்கிடாக்கியில் பேசுவது அவர்களுக்குத் தனி உற்சாகம்.

மூன்று எண் பூட்டுக்கு மொத்தம் 1,000 சேர்க்கைகள். ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்க நேரம் கிடையாது. ஆனால் இரண்டு எண்கள் உறுதியாகத் தெரிந்து ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் பத்து முயற்சிதான். மூன்று எண்ணும் தெரிந்து வரிசை தெரியவில்லை என்றால் ஆறுதான். நேரம் நெருக்கும்போது இது கைகொடுக்கும். சில இடங்களில் ஊகித்துத் திறக்கக் கூடாது என்பார்கள், அங்கே வேண்டாம்.

குரல் உயரத் தொடங்கும் ஒரு கட்டம் எல்லாக் குடும்பத்திலும் வரும். பதின்ம வயதுப் பிள்ளை சொன்னதைப் பெரியவர் காதில் வாங்காமல் இருப்பார், பிறகு பார்த்தால் அது சரியாக இருக்கும். ஒரு யோசனை வந்தால் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்வது என வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோன குழந்தையை மட்டும் "ஒன்றும் இல்லை, இரு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். உடனே ஒருவர் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், கொஞ்சம் தெளிந்ததும் திரும்பி வரலாம்.

8. கடைசிப் பத்து நிமிடமும் அதற்குப் பிறகும்

இந்த நேரத்தில்தான் பெரியவர்கள் கை முந்தும். ஒரு கணம் நின்று, யார் இன்னும் எதையும் திறக்கவில்லை என்று பாருங்கள். நேரம் முடிந்துவிட்டால், மீதிப் புதிர்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் உள்ளே வந்து மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். அடுத்து போகப் போகிறவர்களிடம் விடைகளைச் சொல்லிவிடாதீர்கள்.

போன முறை எங்களுக்கு நேரம் போதவில்லை, கடைசிக் கதவு திறக்கவில்லை. என் மாமியாரின் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. கேம் மாஸ்டர் உள்ளே வந்து விடையைச் சொல்ல வாயெடுத்ததும் மகள் தடுத்தாள்: "சொல்லாதீங்க, பாட்டி இன்னும் எதுவும் திறக்கல." அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றுகொண்டார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு குடுவைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த முக்கோணங்களை விரலால் தடவினார். நெருப்பு, நீர், காற்று, நிலம் என்று முணுமுணுத்தபடி மேடையில் வைத்தார். கடைசிக் குடுவையை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"கையை எடுங்க பாட்டி!" என்றாள் மகள்.

அவர் கையை எடுத்ததும் கதவு திறந்தது.